பேனலின் ஆயுள் ரேகை

“சார், கரண்ட் எடுக்கத்தானே பேனல் மாட்டினோம்? நீங்க என்னடான்னா அதுக்கே கரண்ட் குடுக்கச் சொல்றீங்க!”

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு என் மேல் மரியாதை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அவனுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஒரு தை அமாவாசை ராத்திரி, பதினொரு மணிக்கு, ராமநாதபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஒருவகையில் அது உண்மைதான்.

வெயில் பட்டால் மின்சாரம் தருவது சோலார் செல். அதே செல்லுக்குள் நாம் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஒளிரும். எல்.இ.டி. விளக்கும் சோலார் செல்லும் ஒரே குடும்பம், இரண்டுமே பி-என் சந்திதான். ஆனால் சிலிக்கான் தரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 1,150 நானோமீட்டர். முப்பது வருஷம் கரும்பலகையில் பி-என் சந்தியை வரைந்து வரைந்து அழித்திருக்கிறேன். ஒருநாள்கூட அதை ஒளிரவிட்டுப் பார்த்ததில்லை.

பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் பழைய மாணவரிடம் கடன் வாங்கிய டி.சி. சப்ளையில் எட்டு ஆம்பியர் வைத்தோம். என் பழைய கேமராவின் சென்ஸாருக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை மதுரையில் ஒருவர் பிரித்து எடுத்துக் கொடுத்திருந்தார். அந்தச் சென்ஸாரும் சிலிக்கான்தான். சிலிக்கான் விடும் ஒளியைச் சிலிக்கானே பார்க்கிறது! அந்த அலைநீளத்தில் அதற்குப் பார்வை மங்கல் என்பதால் ஒரு படத்துக்கு 25 விநாடி திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. கையால் திருகித் திருகி இருபது படம் வீணாயிற்று.

இருபத்தோராவது படம் திரையில் வந்தது. தம்பி பேச்சை நிறுத்திவிட்டான்.

பகலில் நீலத் தகடாகக் கிடக்கும் பேனல், எக்ஸ்ரே எடுத்தது போல உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டு கிடந்தது. அறுபது செல்களும் சாம்பலும் வெள்ளையுமாக ஒளிர்ந்தன. அடுத்தடுத்து எடுத்ததில், மூன்றாவது பேனலில், கீழிருந்து இரண்டாம் வரிசை ஓரச் செல்லில், ஒய் எழுத்தைப் போல ஒரு விரிசல். அதன் ஒரு கிளைக்கும் செல்லின் ஓரத்துக்கும் நடுவே இருந்த துண்டு மற்ற இடங்களைவிட மங்கிக் கிடந்தது. மேலே கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. “கைரேகை மாதிரி இருக்கு சார்” என்றான் தம்பி. அன்றிலிருந்து எங்களுக்குள் அதன் பெயர் ஆயுள் ரேகை.

அந்த ரேகையைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதைதான் இது. இரண்டு வருஷமாக வீட்டில் நான் வேறு எதையும் பேசுவதில்லை என்று என் மனைவி சொல்கிறாள். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு சின்னக் கேள்வியில் ஆரம்பித்தது. 2014-ல் 250 வாட் பேனல் பன்னிரண்டு போட்டேன், மொத்தம் 3 கிலோவாட். போட்டவர் “இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல சார்” என்றார். வாரண்டித் தாளில் 25 வருஷத்துக்குப் பிறகு 80 சதவீதம் இருக்கும் என்று போட்டிருந்தது. அதாவது வருஷத்துக்குச் சராசரியாக 0.8 சதவீதம் குறையலாம். நல்லது. ஆனால் என் மாடியில், என் வெயிலில், என் பேனல் நிஜமாக எவ்வளவு குறைகிறது? அதைச் சொல்ல ஊரில் யாரும் இல்லை.

கம்பெனிகளுக்கே இது சுலபமான கேள்வி இல்லை. ஒரு பேனல் விற்பனைக்கு வருமுன் ஐ.இ.சி. 61215 என்ற தேர்வை எழுதுகிறது. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் அடைத்து வைப்பார்கள். மைனஸ் 40-லிருந்து 85 டிகிரி வரை 200 தடவை ஏற்றி இறக்குவார்கள். ஐஸ் உருண்டையால் அடிப்பார்கள். 1975-லிருந்து 1986 வரை அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்திய பேனல் திட்டத்தில்தான் இந்த மாதிரித் தேர்வுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். அருமையான தேர்வுதான். ஆனால் எந்தத் தேர்வும் ஒரு பையன் பாஸா ஃபெயிலா என்று சொல்லும். நாற்பது வயதில் அவன் எப்படி இருப்பான் என்று சொல்லாது. வாத்தியாருக்குத் தெரியாதா இது!

வெளியில் வெயில், உப்புக்காற்று, புற ஊதாக் கதிர், மின்னழுத்தம், காற்றின் உலுக்கல் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் லுகானோவில் 1982 மே 13 அன்று 288 பேனல்களைக் கொண்ட 10 கிலோவாட் நிலையம் ஒன்றை மின்கட்டமைப்போடு இணைத்தார்கள். ஐரோப்பாவிலேயே அதுதான் முதல். முப்பத்தைந்து வருஷம் கழித்து அளந்தபோது, ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பேனல்களில் ஒரு பிரிவு வருஷத்துக்குச் சுமார் 0.2 சதவீதம் குறைந்திருந்தது, இன்னொரு பிரிவு சுமார் 0.7 சதவீதம். செல்லைப் பொதிந்திருக்கும் பிளாஸ்டிக்கின் கலவையில் இருந்த வித்தியாசம் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஆயுளைத் தீர்மானிக்கிறது! இத்தனை காரணங்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒரே ஒரு சமன்பாட்டை எழுதி விடை காண முடியாது. கணக்குகளைக் குவித்துக் கொடுத்து, அதில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதுதான் வழி. அதற்குப் பெயர்தான் மெஷின் லேர்னிங், இயந்திரக் கற்றல்.

என் மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். தீபாவளி லீவுக்கு வந்தவள் லேப்டாப்பில் பைத்தான் நிரல்மொழியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, “அப்பா, ஆர்டி டூல்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீதான், பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் விடிய விடியத் தூங்கவில்லை.

ஆர்டி டூல்ஸ் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், சுருக்கமாக என்.ஆர்.இ.எல்., உருவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். அதன் இதயத்தில் இருக்கும் உபாயம் எவ்வளவு எளிமை தெரியுமா! என் வீட்டு உற்பத்தி வருஷத்துக்கு வருஷம் மழையைப் பொறுத்து ஐந்து சதவீதம்கூட ஏறி இறங்கும். அந்த ஆட்டத்துக்குள் ஒரு சதவீதத் தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வருஷ மார்ச் 10-ஐப் போன வருஷ மார்ச் 10-ஓடு ஒப்பிடு. அன்று அடித்த வெயிலுக்கும் சூட்டுக்கும் ஏற்ப இரண்டையும் சரிக்கட்டிவிடு. வித்தியாசத்தைக் குறித்துக்கொள். அடுத்து மார்ச் 11. இப்படி ஒவ்வொரு நாளும். ஆயிரக்கணக்கில் சேரும் வித்தியாசங்களை வரிசையில் நிறுத்தி, நட்ட நடுவில் நிற்பதை எடு. கோடை கோடையோடு, மழைக்காலம் மழைக்காலத்தோடு நிற்பதால் பருவத்தின் ஆட்டம் தானாகக் கழிந்துபோகிறது. கடைசியில் மிஞ்சுவது முதுமை மட்டும்.

வெயில் கணக்குக்கு மாடியில் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாசா செயற்கைக்கோள் வழியாகக் கணக்கிட்ட வெயில் அளவை இலவசமாகத் தருகிறது. அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்தால் என் பகுதிக்கான கணக்கு வந்து விழுகிறது!

2016-லிருந்து இருந்த இன்வெர்ட்டர் கணக்கை ஏற்றினேன். முதல் இரண்டு வருஷக் கணக்கு கிடையாது; இடியில் பழைய இன்வெர்ட்டர் போனபோது அதோடு கணக்கும் போயிற்று. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

விடை வந்தது: வருஷத்துக்கு 2.3 சதவீதம்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இந்தக் கணக்கில் போனால் 25 வருஷத்தில் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும்! மும்பை ஐ.ஐ.டி.யின் ஒளிமின்னழுத்த ஆய்வு மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து 2013, 2014, 2016, 2018 ஆண்டுகளில் நாடு முழுக்கப் பேனல்களைச் சுற்றிப் பார்த்து அளந்திருக்கின்றன. வெப்பமான பகுதிகளில் தேய்மானம் அதிகம், சின்னக் கூரைப் பேனல்களின் நிலை பெரிய நிலையங்களைவிட மோசம் என்பது அவர்கள் கண்டது. ராமநாதபுரம் வெயில், வீட்டுக் கூரை. இரண்டும் எனக்குப் பொருந்துகிறது. விதி என்று உட்கார்ந்துவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன். “அப்பா, மணி வாரியாப் பிரிச்சுப் பாருங்க. காலையில ஒரு கணக்கு, சாயங்காலம் ஒரு கணக்கு” என்றாள். பிரித்தேன். மதியம் வரைக்குமான உற்பத்தியில் தேய்மானம் வெறும் 0.9. மூன்று மணிக்கு மேல் எடுத்த கணக்கில்தான் சரிவு, அதுவும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே. பேனலுக்குச் சாயங்காலம் மட்டும் வயதாகுமா?

மாடிக்கு ஓடினேன். மேற்குப் பக்கம் முருங்கை. 2016-ல் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இருந்த மரம் இப்போது தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. நிழல் சரியாக மூன்றாவது பேனலில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பேனலுக்குள் மூன்று டயோடுகள், ஒவ்வொன்றும் இருபது செல்லுக்குக் காவல். இருபதில் ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த இருபதும் வரிசையை விட்டு ஒதுங்கிவிடும். மரம் வருஷா வருஷம் வளர, கணக்கில் அது பேனலின் முதுமை போலவே தெரிந்திருக்கிறது. வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதை கேட்டிருக்கிறோம். இங்கே முருங்கையே வேதாளமாகி என் கணக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது!

மரத்தை வெட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். “கீரைக்கு எங்க போறது? உங்க லேப்டாப்பா காய்க்கும்?” என்றாள் மனைவி. கிளைகளை மட்டும் கழித்தோம். அன்று கற்ற பாடம் இதுதான்: இயந்திரம் பொய் சொல்லாது, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ‘உற்பத்தி ஏன் குறைகிறது’ என்று நான் அதைக் கேட்கவே இல்லை. எவ்வளவு குறைகிறது என்றுதான் கேட்டேன்.

0.9-க்கும் அது தன் ஐயத்தைச் சேர்த்தே சொன்னது: 0.5-லிருந்து 1.3-க்குள் இருக்கலாம். இந்த நேர்மைக்கே நான் விழுந்துவிட்டேன். விற்பனைக்கு வந்த எவரும் என்னிடம் ‘இதிலிருந்து இதற்குள்’ என்று பேசியதே இல்லை. ஆர்டி டூல்ஸைத் தந்த அதே என்.ஆர்.இ.எல். ஆய்வகத்தார் அமெரிக்காவில் சுமார் 1,700 இடங்களில், 7.2 கிகாவாட் அளவுக்கு இன்வெர்ட்டர் கணக்குகளைத் திரட்டி, அதிலிருந்து 2022-ல் சொன்ன இடைநிலை அளவு வருஷத்துக்கு 0.75 சதவீதம். வெப்பமான இடங்களில் 0.88, குளிர்ந்த இடங்களில் 0.48. என் 0.9 அந்த வெப்ப வரிசையில் போய் ஒழுங்காக நிற்கிறது! அந்த இரவு நான் பட்ட சந்தோஷம் பணத்துக்கு வாங்க முடியாதது.

ஆனால் இன்வெர்ட்டர் கணக்கு மொத்த வீட்டுக்கும் ஒரு நாடி பார்ப்பது மாதிரி. எந்தப் பேனல், எந்தச் செல், எந்த இடத்தில் நோவு என்று அதில் தெரியாது. அதற்குத்தான் அந்த அமாவாசைப் படங்கள்.

இங்கே ஜெர்மானியர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பவேரியாவில் உள்ள ஆற்றல் ஆய்வு மையமும் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 44 பேனல்களை இப்படி ஒளிரவிட்டுப் படமெடுத்து, செல் செல்லாக நறுக்கி, 2,624 படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். 300-க்கு 300 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் நிபுணர் மதிப்பெண் போட்டிருக்கிறார்: 0 என்றால் நலம், 1 என்றால் பழுது. நடுவில் 0.33, 0.67 என்றும் உண்டு, அதாவது ‘எனக்கே சந்தேகம்’. நிபுணர் தன் சந்தேகத்தையும் எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள்! 1,508 படம் 0, 715 படம் 1, மீதி 401 படம் சந்தேகக் கேஸ்.

அந்த 2,624 படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஒரு வாரம் ஆயிற்று. ஒற்றைப் படிகச் செல்கள் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை போல ஒரே சீராக இருக்கும். விரிசல் பளிச்சென்று தெரியும். பல படிகச் செல்கள் அப்படியில்லை. படிகங்களின் எல்லைகளும் கருந்திட்டுகளுமாக, சித்திரை மாதத்துக் கண்மாய்த் தரை மாதிரி இருக்கும். அந்த வெடிப்புகளுக்கு நடுவே நிஜ விரிசலைத் தேட வேண்டும். முந்நூறாவது படம் வரை தடுமாறினேன். அப்புறம் திடீரென்று கண் பழகிவிட்டது. படிக எல்லை நெளிந்து திரும்பும். விரிசல் நேராக, அவசரமாக ஓடும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் இதற்கு மேல் விளக்கத் தெரியாது. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இயந்திரக் கற்றலும் இதேதான்! விதியைச் சொல்லிக் கொடுப்பதில்லை; படத்தைக் காட்டிக் காட்டிப் பழக்குகிறோம்.

பூனை, நாய், கார் என்று லட்சக்கணக்கான படங்களில் ஏற்கெனவே கண் பழகிய நரம்பு வலைப்பின்னல் ஒன்றை எடுத்தேன். அதன் கடைசி அடுக்கை மட்டும் மாற்றி, இந்தச் செல்களைக் காட்டினேன். என் லேப்டாப்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. கூகுள் இலவசமாகத் தரும் கோலாபில் ஓட்டினேன். முதல் ஓட்டத்திலேயே 98 சதவீதம் சரி என்று வந்தது. அந்த ஜெர்மானியர்களே தங்கள் ஆய்வில் 88.42 சதவீதம்தான் எட்டியிருந்தார்கள். ரிட்டயர்டு வாத்தியார் அவர்களை முந்திவிட்டான் என்று மனைவிக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

மகள் ஒரு நிமிஷம் நிரலைப் பார்த்தாள். “அப்பா, படத்தையெல்லாம் திருப்பி, கவிழ்த்து, எண்ணிக்கையைக் கூட்டினீங்கள்ல, அதைப் பயிற்சிக்கு, தேர்வுக்குன்னு பிரிக்கிறதுக்கு முன்னாடியா பின்னாடியா செஞ்சீங்க?”

முன்னாடிதான். ஒரு படத்தின் நேர் வடிவம் பயிற்சியில் இருக்கிறது, கவிழ்த்த வடிவம் தேர்வில் இருக்கிறது. கேள்வித்தாள் அவுட்! முப்பது வருஷம் தேர்வு மேற்பார்வை பார்த்தவன் தன் வீட்டிலேயே காப்பி அடிக்க விட்டிருக்கிறேன். பிரித்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன், 84 வந்தது. ஜிலேபி சாப்பிட்டாயிற்று, திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த 84-ஐப் போல எனக்குப் பெருமை தந்த மதிப்பெண் வேறு இல்லை. அது உழைத்து வாங்கியது.

அடுத்தது கிராட்-கேம். முடிவெடுக்கும்போது வலைப்பின்னல் படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்தது என்பதைச் சிவப்பு நிறத்தில் தீட்டிக் காட்டும் உத்தி. விரிசல் ஓடும் பாதையிலேயே சிவப்பு வழிந்தபோது உடம்பு சிலிர்த்தது. நான் சொல்லிக் கொடுக்கவே இல்லையே! சில படங்களில் வெறும் கருந்திட்டைப் பார்த்து ‘பழுது’ என்று ஏமாந்திருந்தது. முதல் முந்நூறு படத்தில் நான் ஏமாந்த அதே இடம். குருவைப் போலவே சிஷ்யன்.

பிறகு என் படங்களைக் கொடுத்தேன். பன்னிரண்டு பேனல், 720 செல். கொடுத்தால், ஏறக்குறைய எல்லாமே பழுது என்கிறது! மகள் சிரித்தாள். “ஜெர்மனி போட்டோவுல படிச்ச பிள்ளைக்கு ராமநாதபுரத்துல பரீட்சை வச்சா எப்படிப்பா?” அவர்களுடையது ஆய்வுக்கூடப் படம். என்னுடையது ஏணியில் கட்டிய கேமரா, மங்கல், சாய்வு, தூசி. என் செல்களில் 200-ஐ எடுத்து நானே மதிப்பெண் போட்டு, அதையும் காட்டிப் பழக்கினேன். அதன் பிறகு சொன்னது: சந்தேகப்பட வேண்டிய செல் 31. அவற்றில் 17 மூன்றாவது பேனலில்.

ஏன் மூன்றாவது பேனல்? தம்பிதான் கேட்டான்: “சார், முருங்கைக்காய் எப்படிப் பறிப்பீங்க?”

எப்படிப் பறிப்பேன்? மூன்றாவது பேனலின் ஓரத்தில் முழங்காலை ஊன்றி, துரட்டியை நீட்டி. கண்ணாடி கெட்டிதானே என்ற நினைப்பு. கண்ணாடி தாங்கிவிட்டது. உள்ளே இருக்கும் செல் முடியைவிடச் சில மடங்கே தடிமன் உள்ள சிலிக்கான் தகடு. கண்ணாடி வளைந்த சின்ன வளைவை அது தாங்கவில்லை. விரிசல்கள் எல்லாம் கீழ் ஓரத்தில், என் முழங்கால் பட்ட இடத்தைச் சுற்றி. வெயிலையும் உப்புக்காற்றையும் திட்டிக்கொண்டிருந்தேன்; குற்றவாளி நான்.

விரிசல் விழுந்ததுமே மின்சாரம் குறைந்துவிடுவதில்லை. துண்டாகிப் போன பகுதியையும் வெள்ளிக் கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். பகல் சூட்டில் விரிந்து, இரவில் சுருங்கி, மெல்ல மெல்லத் தொடர்பு விடும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தை அமாவாசையில், அதே ஏணியில், அதே எட்டு ஆம்பியரில் திரும்பப் படமெடுத்தோம். அந்த ஒய் விரிசல் செல்லைத் தேடினேன். முதல் வருஷம் மங்கலாக இருந்த துண்டு இப்போது முழுக் கறுப்பு. உயிர் விட்டுவிட்டது. போன வருஷம் அந்தச் செல்லுக்கு என் சிஷ்யன் போட்ட மதிப்பெண் 0.4. இந்த வருஷம் 0.9.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன் என்று தெரியாது. கண் முன்னால் ஒரு பொருள் மூப்படைவதை இவ்வளவு அருகில் நான் பார்த்ததே இல்லை.

இது என் வீட்டுப் பன்னிரண்டு பேனலின் கதை. எங்கள் மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் நிலையம் இருக்கிறது. 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பேனல். ஒரு பேனலுக்கு ஒரு நிமிஷம் என்று ஒரே ஆள் நாளுக்கு எட்டு மணி நேரம் பார்த்தால் பதினான்கு வருஷம் ஆகும். பார்த்து முடிப்பதற்குள் முதலில் பார்த்தது கிழடாகியிருக்கும்! இந்த அளவுக்கு வரும்போது கற்ற இயந்திரம் வசதி என்பதைத் தாண்டித் தேவையாகிவிடுகிறது. படம் எடுக்க ட்ரோன், சலித்துக் கொடுக்க வலைப்பின்னல், கடைசியில் ‘இந்த நூறை மட்டும் நீ போய்ப் பார்’ என்று மனிதனுக்கு ஒரு பட்டியல். இன்னும் முக்கியமானது, எந்தப் பிளாஸ்டிக், எந்தப் பின்தாள், எந்தத் தட்பவெப்பத்தில் எப்படி மூப்படைகிறது என்று இப்படித் திரளும் கணக்கு நாளைய பேனலைச் செய்கிறவனிடம் போய்ச் சேரும். அமெரிக்க எரிசக்தித் துறை 2016-லேயே ஆய்வகங்களைச் சேர்த்து டியூராமேட் என்று ஒரு கூட்டமைப்பை உண்டாக்கியிருப்பது இந்த ஆயுள் கேள்விக்காகவே. முப்பது வருஷம் ஓட வேண்டிய பேனல் பதினைந்தில் குப்பைக்குப் போனால், சுத்தமான மின்சாரம் என்று நாம் பேசுவதில் பாதி பேச்சாகவே போய்விடும்.

மின்சாரம் தொடர்பான வேலை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அந்த இரவு வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. பக்கத்தைத் துண்டித்து, பேனலை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தம்பி இணைத்தான். தெரிந்த எலக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்கவே கூடாது.

ஆனால் கணக்குப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் வீட்டில் பேனல் இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். மாதத்தின் முதல் தேதி இன்வெர்ட்டர் கணக்கை இறக்கி, ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். எனக்குப் போன இரண்டு வருஷம் உங்களுக்குப் போக வேண்டாம். மேற்கே ஒரு மரம் வளர்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கண்ணாடி எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் பேனல் மேல் காலோ முழங்காலோ வைக்காதீர்கள்.

முருங்கைக்காயைத் தம்பி இப்போது கீழே நின்று, நீளத் துரட்டியால் பறித்துத் தருகிறான்.